தூணில் ஏறிய சார்ஜர்

ஜூன் ஒன்பது, செவ்வாய்க்கிழமை.

டிரைவிங் டீச்சர் செய்த தவறு மிகச் சின்னது. காரை முதலில் வாங்கிவிட்டாள். அதை வீட்டில் சார்ஜ் செய்ய அனுமதியை அப்புறம் கேட்டாள். "கண்ணாடியப் பாருங்க, சிக்னல் குடுங்க, அப்புறம் திரும்புங்க" என்று நாள் முழுக்க ஊருக்கே சொல்கிறவள், தன் விஷயத்தில் சிக்னல் கொடுக்காமல் திரும்பிவிட்டாள்.

கார் மின்சாரக் கார். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. டீச்சர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இன்னொருவருடைய டிரைவிங் ஸ்கூலில் சம்பளத்துக்கு உழைத்த காலத்திலேயே அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். கார் ஓட்டக் கற்க வந்து பாதியில் ஓடிப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேரை விரட்டுவது சாலையோ லாரியோ இல்லை, கிளட்ச்தான். ஓடிப்போனவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினாள். வேலையை விட்டாள். 'கிளட்ச் இல்லை, கவலை இல்லை' என்று காரின் முதுகில் எழுதிச் சொந்தப் பள்ளியைத் தொடங்கிவிட்டாள்.

"போயிட்டு வாம்மா. உன் சீட்ட இப்போதைக்கு யாருக்கும் குடுக்கல" என்று பழைய முதலாளி சிரித்தபடி வழியனுப்பினார். அந்தச் சிரிப்பு அவள் காதில் இன்னும் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது.

ஊரில் பொதுச் சார்ஜர் ஒன்று இருந்தது. ஆனால் ஊரின் அந்தக் கோடியில். போய், வரிசையில் நின்று, ஏற்றிக்கொண்டு வருவதற்குள் காலை வகுப்புகள் எல்லாம் கைவிட்டுப் போகும். காலை வகுப்புகள் போனால் பள்ளி போகும். பள்ளி போனால் பழைய சீட். ஆக, வீட்டு வாசலில், அவளுடைய பார்க்கிங்கில், ஒரு சார்ஜர் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

"அவ்வளவுதானே" என்றான் அவள் கணவன். அவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் ஊசி போடுவதற்கு முன் சொல்கிற அதே குரலில்தான் சொல்வான். "ஒண்ணும் ஆகாது."

ஆயிற்று.

அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காலத்தில் தண்ணீர்த் தொட்டியை முன்னிட்டு ஒரு சண்டை வந்து, மாடிப்படியில் எதிரெதிரே வந்தால்கூட ஒருவர் சுவரைப் பார்ப்பதும் இன்னொருவர் கூரையைப் பார்ப்பதுமாக இரண்டு வருஷம் ஓடியிருந்தது. அதற்கப்புறம் எல்லோரும் கூடி ஒரு விதி போட்டார்கள். யாருக்கு எதில் ஆட்சேபணை இருந்தாலும் நேரில் சொல்லக்கூடாது. வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும். அவர் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்லுவார். விஷயம் தீரும்வரை வேலை நிற்கும். இதுதான் விதி.

சண்டை நின்றது. வாட்ச்மேனின் மவுசு கூடியது. சும்மா இருக்கும்போது ஆணியில் தொங்கும் தொப்பியை, ஆட்சேபணை சொல்ல வரும்போது மட்டும் தலையில் வைத்துக்கொள்வார்.

புதன்கிழமை காலை அவர் தொப்பியோடு வந்தார்.

"டீச்சர், நம்ம பில்டிங்ல ஒருத்தங்க ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

"யாருண்ணே?"

"ஒருத்தங்க."

"சரி, என்னவாம்?"

"பின்சுவத்துல சார்ஜர் வெச்சா, ஒயர் நடைபாதையில கிடக்குமாம். வயசானவங்க தடுக்கி விழுவாங்களாம். அதனால தூண்ல வெக்கணுமாம்."

தூண் என்பது டீச்சரின் பார்க்கிங்குக்கும் அடுத்த பார்க்கிங்குக்கும் நடுவில் நிற்பது. யோசித்துப் பார்த்தாள். சொன்னதில் நியாயம் இருந்தது.

எலெக்ட்ரீசியன் வந்தார். தூணை நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள ஒண்ணும் இல்ல மேடம். வெறும் தூண்."

"நிச்சயமா?"

"இருபது வருஷமா தூணத் தட்டறேன் மேடம்."

டிரில்லைப் போட்டார். தூண் ஒரு கணம் யோசித்தது. பிறகு அவர் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சியது. விரலால் அடைத்தார்; விரலைச் சுற்றிப் பீய்ச்சியது. டீச்சர் உள்ளங்கையால் அழுத்தினாள். இருவர் மேலும் பீய்ச்சியது.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். முதல் மாடி மாமா, இடுப்பில் துண்டும் தலை முழுக்கச் சோப்பு நுரையுமாக, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு இறங்கி வந்தார்.

"யாரு தண்ணிய நிறுத்தினது?"

"நிறுத்தல மாமா" என்றார் எலெக்ட்ரீசியன் தூணைக் கட்டிப்பிடித்தபடி. "எல்லாம் இங்கதான் வருது. வாங்க, இங்கயே குளிச்சிடலாம்."

அன்றிலிருந்து அவர் பெயர் சோப்பு மாமா. பிளம்பர் வந்து குழாயை ஒட்டினார். சார்ஜர் பெட்டி, குழாயைத் தாண்டி, தூணின் முன்பக்கம் போய் உட்கார்ந்தது.

மாலை மூன்றாவது மாடி பல் டாக்டர் அக்கா, பிளாஸ்க்கில் டீயும் தட்டில் பிஸ்கட்டுமாக இறங்கி வந்தார். அந்தக் கட்டடத்தில் டீச்சர் மேல் பிரியம் உள்ள ஒரே ஆள் அவர்தான்.

"ரொம்பப் படுத்தறாங்களா?"

"நியாயமாத்தாங்கா கேக்கறாங்க. யாருன்னு தெரிஞ்சா நேர்ல போய்ப் பேசிடுவேன்."

"அத மட்டும் செய்யாத. என்ன கேக்கறாங்களோ செஞ்சு குடுத்துடு. அப்பதான் வாய் அடையும்." அக்கா பிஸ்கட்டை டீயில் முக்கினார். "எனக்கு இதுல பேச உரிமையே இல்லம்மா. காரும் கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஒரு தடவ கத்துக்கப் போனேன். கிளட்ச்ச மிதிச்சதும் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. பல் டாக்டருக்குக் கை நடுங்கினா யாராவது வாயத் திறப்பாங்களா? அன்னிக்கே விட்டுட்டேன்."

டீச்சருக்கு மனசு லேசாயிற்று.

வெள்ளிக்கிழமை வாட்ச்மேன் தொப்பியோடு வந்தார்.

"தூண் பக்கம் சாரல் அடிக்குதாம். கரண்ட்டும் தண்ணியும் சேந்தா என்ன ஆகும்னு அன்னிக்கே பாத்தோமாம். மேல கூரை போடணுமாம்."

"அன்னிக்குக் கரண்ட்டே இல்லையேண்ணே, வெறும் தண்ணிதானே வந்துச்சு."

"நான் சொல்றவன்தான் டீச்சர். வாதாடறவன் இல்ல."

கூரைக்காரர் வந்தார். தூணுக்கு இந்தப் பக்கம் மட்டும் போட்டால் காற்றில் தூக்கிக்கொண்டு போகும், இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் நிற்கும் என்றார். சரி என்று, காலியாகக் கிடந்த அடுத்த பார்க்கிங்குக்கும் சேர்த்தே போட்டார்கள். அழகாகத்தான் இருந்தது. மழை வரும் வரைக்கும்.

மழை வந்தது. இரண்டு பார்க்கிங்கின் தண்ணீரும் கூரையில் ஒன்றுகூடி, ஒரே ஓட்டமாக ஓடி, எதிர்வீட்டுச் செயலாளர் கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டிய அதே நொடியில் அவர் உச்சந்தலையில் இறங்கியது.

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உதறினார்.

"டீச்சரம்மா, என் வீட்டு வாசல்ல எதுக்கு அருவி வெச்சிருக்கே?"

"சாய்மானம் மாறிடுச்சு சார். நாளைக்கே திருப்பிடறேன்."

"நான் அசோசியேஷன் செயலாளர். என் வீட்ட விட்டு வெளிய வர நானே குடை பிடிக்கணுமா?"

"இதுக்கு ஆட்சேபணை சொல்றதா இருந்தா வாட்ச்மேன்கிட்ட சொல்லுங்க சார்" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் பார்த்த பார்வையில் கூரையே காய்ந்திருக்கும்.

'இவராத்தான் இருக்கும்' என்று டீச்சர் மனசுக்குள் முடிவு கட்டினாள்.

இதற்கிடையில் வகுப்புகள் நடந்தாக வேண்டும். காரில் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை அந்தக் கோடிக்குப் போய் ஏற்றிக்கொண்டு வந்தாள். அங்கே வரிசையில் நின்ற நேரத்தில் மூன்று மாணவர்கள் வீட்டு வாசலில் காத்திருந்து திரும்பிப் போயிருந்தார்கள். அப்புறம் டீச்சர் சிக்கனத்தில் இறங்கினாள்.

அவளுடைய நல்ல மாணவர் ஒரு தையல்காரர். வளைவில் ஸ்டியரிங்கைத் துணி வெட்டுகிற நிதானத்தோடு திருப்புவார்.

"டீச்சர், வேர்க்குது. ஏசி போடலாமா?"

"ஜன்னலத் திறங்க."

"கொஞ்சம் ரேடியோ?"

"நீங்களே பாடுங்க."

தையல்காரர் பாடினார். டீச்சருக்கு ஏசி போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை தொப்பி வந்தது.

"இப்ப இருக்கிற லைன் தாங்காதாம் டீச்சர். ஒரு வண்டி போட்டாலே பில்டிங் பூரா பல்பு மினுக்குமாம். மெயின் போர்டுலேர்ந்து நேரா தடிமனா ஒரு லைன் இழுக்கணுமாம். இழுக்கறதுதான் இழுக்கறோம், ரெண்டு வண்டி தாங்கற மாதிரி இழுத்துட்டா பயமே இல்லையாம்."

"ரெண்டு வண்டி எதுக்குண்ணே? எங்கிட்ட ஒண்ணுதானே இருக்கு."

"பாதுகாப்புக்காம்."

பாதுகாப்பு என்ற சொல்லுக்கு எதிராக அந்தக் கட்டடத்தில் இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

எலெக்ட்ரீசியன் கட்டை விரல் தடிமனுக்கு ஒரு கேபிள் சுருளோடு வந்தார். மெயினை அணைத்தார். அணைத்த அதே நேரத்தில் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யார்ரா அது கரண்ட்ட எடுத்தது?"

செயலாளரின் குரல். லிஃப்ட்டுக்குள்ளிருந்து.

டீச்சர் மூன்று மாடி ஓடினாள். கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினாள். "சார், நான்தான் சார். லைன் மாத்தறோம்."

"என்னை உள்ள வெச்சுகிட்டா?"

"நீங்க உள்ள இருக்கறது தெரியாது சார்."

"இப்பத் தெரிஞ்சிடுச்சு இல்ல? போடு கரண்ட்ட!"

டீச்சர் மூன்று மாடி இறங்கினாள். எலெக்ட்ரீசியன் இரண்டு கைகளிலும் பிரித்த ஒயர்களோடு, அசையக்கூட முடியாமல் நின்றுகொண்டிருந்தார். "இப்பப் போட்டா நான் போயிடுவேன் மேடம். சாரக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

டீச்சர் மறுபடி ஏறினாள். மூச்சு வாங்கியது.

"சார், கொஞ்ச நேரம் ஆகும்."

உள்ளேயிருந்து குரல் இறங்கி வந்தது. "இங்க பாரும்மா, உன் சார்ஜருக்கு எனக்குப் பூரண சம்மதம். லைனு, கூரை, அருவி எல்லாத்துக்கும் சம்மதம். கதவத் திறந்து விடு, போதும்."

இரண்டாவது மாடிப் புதுத் தம்பதிகள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். சோப்பு மாமா, இன்றைக்குத் தன் தலையில் எதுவும் விழவில்லை என்ற நிம்மதியில், "எழுதி வாங்கிடும்மா, இத விட நல்ல நேரம் கிடைக்காது" என்றார்.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. "வேணாம் சார். பூட்டி வெச்சு வாங்கின சம்மதம் மாதிரி ஆயிடும். வெளிய வந்து நிதானமாச் சொல்லுங்க."

கரண்ட் வந்தது. செயலாளர் வெளியே வந்தார். சட்டையைச் சரி செய்தார்.

"உள்ள இருந்தப்ப நான் ஏதாவது சொன்னேனா?"

"பூரண சம்மதம்னு சொன்னீங்க சார்."

"ஞாபகம் இல்ல." இரண்டு படி இறங்கியவர் திரும்பினார். "ஒண்ணு தெரிஞ்சுக்கோ. எனக்கு ஆட்சேபணைன்னா இந்த மாதிரி மூஞ்சிக்கு நேராத்தான் சொல்லுவேன். விதி கிதியெல்லாம் எனக்குக் கிடையாது. அந்த விதியப் போட்டதே நான்தான்."

டீச்சர் நம்பவில்லை. விதியைப் போட்டவர்தான் அதற்குள் ஒளிந்துகொள்ளவும் வழி வைத்திருப்பார் என்று நினைத்தாள்.

அன்று மாலையும் டீ வந்தது. டாக்டர் அக்கா புது லைனைத் தடவிப் பார்த்தார். "நல்ல தடிமன். நீ எத செஞ்சாலும் உருப்படியா செய்யறே."

"இன்னும் என்ன கேப்பாங்களோன்னு இருக்குக்கா."

"முடியற கட்டந்தான், கவலப்படாதே. ஆனா பூட்டு மட்டும்..." என்று அக்கா இழுத்தார். "பெட்டிக்குப் பூட்டுப் போட்டுட்டியா?"

"ஆமாங்கா. கண்டவங்க கை வெக்கக் கூடாதில்ல?"

"அதுவும் சரிதான்" என்றார் அக்கா, கொஞ்சம் சோர்ந்த குரலில்.

மறுநாளே தொப்பி வந்தது. "பூட்டக் கூடாதாம் டீச்சர். ஏதாவது ஆபத்துன்னா யாரு வேணா திறந்து அணைக்கணுமாம்." பூட்டு போயிற்று. அதற்கடுத்த நாள் மறுபடி தொப்பி. "ஒயரு இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்காம். இழுபட்டா சூடாகுமாம். இன்னும் ரெண்டு மீட்டர் நீளமா இருந்தா நல்லதாம்."

"அண்ணே, என் கார் தூணுக்குப் பக்கத்துலயே நிக்குது. இருக்கிற ஒயரே மிச்சமாகி மூணு சுத்து சுத்தி வெச்சிருக்கேன்."

"நானும் அதத்தான் சொன்னேன் டீச்சர்" என்று வாட்ச்மேன் வாயை விட்டுவிட்டார். உடனே தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "நான் எதுவும் சொல்லல. நீங்க எதுவும் கேக்கல."

நீளமான கேபிளுக்கு ஆர்டர் போட்டாள். வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். காரில் ஒன்பது சதவீதம் இருந்தது.

அன்று வகுப்பு முடிந்து திரும்பும்போது நாலு சதவீதம். கார் ஆமை மாதிரி ஊர்ந்தது. பின்னால் ஹார்ன். பழைய முதலாளியின் கார் இணையாக வந்து, கண்ணாடி இறங்கியது. உள்ளே, அவளுடைய பழைய சீட்டில், யாரும் இல்லை.

"என்னம்மா, தள்ளணுமா?"

"வேணாம் சார். மெதுவா ஓட்டறது எப்படின்னு பாடம் எடுத்துட்டிருக்கேன்."

"மாணவர் யாரும் இல்லையே?"

"எனக்கு நானே எடுத்துக்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தெருமுனையில் கார் நின்றது. அங்கிருந்து வீடு வரை டீச்சரும், அவள் கணவனும், தையல்காரரும், சோப்பு மாமாவும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். செயலாளர் தன் வாசற்படியிலிருந்து வேடிக்கை பார்த்துவிட்டு, கடைசியில் செருப்பு போடாமல் இறங்கி வந்து தானும் ஒரு கை கொடுத்தார். தள்ளும்போதும் வாய் ஓயவில்லை.

"யாருய்யா அந்தப் பேர் சொல்லாத மகராசன்? எங்கிட்ட மட்டும் கிடைக்கட்டும்."

"நீங்க இல்லையா சார்?" என்றாள் டீச்சர், மூச்சு வாங்க.

"நானா? நான் மாமாவத்தான் நினைச்சேன்."

"நான் உங்கள நினைச்சேன்" என்றார் சோப்பு மாமா.

நான்கு நாள் வகுப்பு இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் டீச்சர், "இன்னும் நாலே நாள், கட்டாயம் வாங்க" என்றாள். ஐந்து பேர் சரி என்றார்கள். மற்றவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கணவன் ஒவ்வொரு இரவும், "ஒண்ணும் ஆகாது" என்றான். ஐந்தாவது முறை சொல்ல வாயைத் திறந்தபோது அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

ஜூன் இருபத்து மூன்று, செவ்வாய்க்கிழமை. நீளக் கேபிள் வந்தது. எலெக்ட்ரீசியன் மாட்டினார். வாட்ச்மேனைப் பார்த்தார்கள். தொப்பி ஆணியிலேயே தொங்கியது.

"ஒண்ணும் இல்லையாண்ணே?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். ரொம்பத் திருப்தியாம்."

சுவிட்சைப் போட்டாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. எந்த பல்பும் மினுக்கவில்லை. லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, போக வேண்டிய இடத்துக்குப் போனது. செயலாளரே முதலில் கை தட்டினார். புதுத் தம்பதிகள் போட்டோ எடுத்தார்கள். டீச்சர் காரின் முகப்புத் திரையில் சதவீதம் ஒன்று, இரண்டு என்று ஏறுவதைக் குழந்தை நடப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அங்கேயே நின்றபடி யோசிக்கிறவர்கள் எல்லோருக்கும் போன் செய்தாள். தையல்காரர் நாளைக்கே வருகிறேன் என்றார். இன்னும் மூன்று பேர் வருகிறேன் என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய வண்டி வாசலில் வந்து நின்றது. அதன் முதுகிலிருந்து பளபளவென்று ஒரு புதுக் கார் சத்தமே போடாமல் இறங்கி, வளைந்து, தூணுக்கு அந்தப் பக்கம், புதுக் கூரைக்கு அடியில், காலியாக இருந்த பார்க்கிங்கில் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி நின்றது. டெலிவரிக்காரர் இறங்கி, தூணிலிருந்த நீளக் கேபிளை எடுத்து அளந்து பார்த்தார். மாடிப்படியில் டாக்டர் அக்கா, கையில் பிளாஸ்க்கோடு, வந்த வழியே திரும்பிப் போகலாமா என்ற யோசனையில் நின்றிருந்தார்.

"கரெக்டா எட்டுது!" என்றார் டெலிவரிக்காரர் டீச்சரைப் பார்த்துச் சந்தோஷமாக. "கீழ் வீட்டு டீச்சர் நீங்கதானே மேடம்? 'டாக்டரம்மா, வண்டிய எடுத்துக்கோங்க'ன்னு நாங்க போன் பண்ணும்போதெல்லாம், 'இருங்க, கீழ் வீட்டுப் பொண்ணுகிட்ட ஒவ்வொண்ணா சொல்லியனுப்பிட்டிருக்கேன், ஒயர் மட்டும்தான் பாக்கி'ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. ஓட்டச் சொல்லித் தரப்போறதும் நீங்கதானாமே!"

நாளைய வேலை: காலை ஆறரை மணி, பல் டாக்டர் அக்கா, முதல் பாடம். தள்ளுபடி கிடையாது.